கரிசல் மண்ணுக்கான ரெடிமேட் காம்பவுண்ட் கம்பம்: காப்பி அடித்துவிட்டார்கள், இனி பேட்டண்ட் வாங்க வழி உண்டா?

கரிசல்_கம்பம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டி பக்கம் ரெடிமேட் காம்பவுண்ட் சுவர் போட்டுக் கொடுக்கிறோம். அப்பா காலத்தில் வெறும் ஹாலோ பிளாக்தான். நான் வந்த பிறகுதான் கம்பமும் ஸ்லாபும். ஒரு மிக்சர், இரண்டு வைப்ரேட்டர் டேபிள், வேலைக்கு ஆறு பேர். அவ்வளவுதான் கம்பெனி.

எங்கள் ஊர் மண் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் உப்பிக்கொள்ளும். நட்ட கம்பம் இந்த வருஷம் ஒரு பக்கம் சாயும், அடுத்த வருஷம் மறு பக்கம். சாய்ந்தால்கூடப் பரவாயில்லை. ஸ்லாபைச் செருகக் கம்பத்தில் விடுகிற பள்ளமான காடிக்குள் ஸ்லாப் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதால் கம்பம் அசையும்போது ஸ்லாபின் மூலை தெறித்துவிடும். நாலு மழை கழிந்தால் போன் வரும்: "தம்பி, உங்க ஸ்லாப் ரெண்டு கீழ கிடக்கு, ஆடு பூரா உள்ள வந்துட்டு."

இரண்டு வருஷம் முன்பு காடியின் வடிவத்தை மாற்றினேன். எல்லோரும் செய்வதுபோல நேர்ச் சதுரமாக இல்லாமல், வாய் குறுகல், உள்ளே அகலம். 2 இஞ்ச் ஸ்லாபுக்கு வாய் இரண்டே கால் இஞ்ச். உள்ளே இரண்டு பக்கமும் லாரி டியூபை வெட்டிப் பட்டையாகச் செருகினேன். இப்போது கம்பம் சாய்ந்தால் ஸ்லாப் காடிக்குள்ளேயே கொஞ்சம் திரும்பிக்கொள்ளும், உடையாது. ஒரு சோலார் பிளாண்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் போட்டோம், இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது, ஒரு ஸ்லாப் போகவில்லை. சந்தோஷத்தில் யூடியூபில் வீடியோ போட்டேன். மதுரையில் ஒரு கட்டடப் பொருள் கண்காட்சியிலும் ஸ்டால் எடுத்து ஒரு கம்பத்தைக் குறுக்கே அறுத்து, காடி தெரிகிற மாதிரி வைத்தேன்.

*[இந்தப் பத்தியை மாடரேட்டர் மறைத்திருக்கிறார். காரணம் முதல் பதிலில்.]*

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மோல்டு அடித்துக் கொடுத்த வெல்டிங் பட்டறைக்காரர், அதே மோல்டை 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இன்னொரு யார்டுக்கு அடித்துக் கொடுத்துவிட்டார். அப்பா காலத்துப் பழக்கம், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அந்த யார்டுக்காரர் கம்பத்துக்கு 40 ரூபாய் குறைத்து விற்கிறார். ஆனால் அவருக்குக் காடியின் வாய் ஓரம் மோல்டிலிருந்து எடுக்கும்போதே உடைகிறது. சிமெண்ட் பூசி மறைத்து அனுப்புகிறார். அது வேறு கதை.

கேட்க வேண்டியது: இந்தக் கம்பத்துக்கு இனி பேட்டண்ட் கிடைக்குமா? அவருக்கு வக்கீல் நோட்டீஸ் விடலாமா? அவரே முந்திப்போய் பேட்டண்ட் வாங்கிவிட்டால் என் கம்பத்தை நானே வார்க்க முடியாமல் போய்விடுமா? வீடியோவை அழித்துவிடலாம் என்று இருக்கிறேன், சரியா? அப்பா, "பேட்டண்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், இனிமே செய்யறதை வாயை மூடிட்டுச் செய்" என்கிறார்.

கிண்டி_ஏஜெண்ட்

சார், முதல் வேலையாக மாடரேட்டருக்கு எழுதி உங்கள் நாலாவது பத்தியை மறைக்கச் சொன்னது நான்தான். மன்னிக்கவும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதுவரை யார் கேட்டாலும் அந்த விஷயத்தை இங்கே மறுபடி எழுதாதீர்கள். "எப்படி செஞ்சீங்க பாஸ்?" என்று உள்பெட்டியில் வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கம்பத்தின் காடி வடிவம் போய்விட்டது. நேரடியாகச் சொல்வதுதான் நல்லது. பேட்டண்ட் கேட்கும் பொருள், விண்ணப்பம் போடும் நாளன்று உலகத்துக்குப் புதிதாக இருக்க வேண்டும். உலகம் என்பதில் நீங்களும் அடக்கம். நீங்களே விற்றது, நீங்களே வீடியோ போட்டது, எல்லாமே உங்களுக்கு எதிரான சாட்சிதான். கண்காட்சிக்கு ஒரு விலக்கு சட்டத்தில் உண்டு, பிரிவு 31. ஆனால் மத்திய அரசு அதற்கென்று கெஜட்டில் அறிவித்த கண்காட்சியாக இருக்க வேண்டும், 12 மாதத்துக்குள் விண்ணப்பமும் போட்டிருக்க வேண்டும். மதுரை ஸ்டாலுக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிரிவு 32 என்று இன்னொன்று: பொது இடத்தில் வைத்துத்தான் சோதிக்க முடியும் என்கிற மாதிரிப் பொருளைச் சோதனைக்காக மட்டும் வைத்திருந்தால் ஒரு வருஷம் வரை மன்னிப்பு. சுவர் மழையில் நின்றால்தானே தெரியும் என்று வாதாடலாம். ஆனால் ஒன்றரை கிலோமீட்டருக்கு பில் போட்டு, பணமும் வாங்கிவிட்டு, சோதனை என்று சொன்னால் பேட்டண்ட் அலுவலகப் பரிசோதகர் சிரிப்பார். போதாததற்கு இரண்டு வருஷமும் ஆகிவிட்டது.

டிசைன் பதிவு செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2000-த்தின் டிசைன் சட்டம் கண்ணுக்குத் தெரிகிற வடிவத்துக்கு 10 வருஷம், நீட்டித்தால் இன்னும் 5 வருஷம் பாதுகாப்பு தரும். பேவர் பிளாக் போடுகிறவர்களுக்கு அருமையான சட்டம், கட்டணமும் தனி நபருக்கு 1,000 ரூபாய்தான். இதைப் படிக்கிற பேவர்காரர்கள் புது வடிவத்தைக் கடைக்கு அனுப்புவதற்கு முன்பு பதிவு செய்துவிடுங்கள். ஆனால் அங்கேயும் முன்கூட்டி வெளியே காட்டியது செல்லாது. தவிர உங்கள் காடி அழகுக்காக இல்லை, வேலைக்காக. வேலை செய்கிற அமைப்புக்கு டிசைன் சட்டத்தில் இடமில்லை.

நோட்டீஸ் விடாதீர்கள். கையில் பேட்டண்ட் இல்லாமல் "என் பேட்டண்டை மீறிவிட்டாய்" என்று மிரட்டினால், பிரிவு 106-ன் கீழ் அவர் உங்கள் மேல் வழக்குப் போடலாம்.

இனி நல்ல செய்தி. வீடியோவைத் தயவுசெய்து அழிக்காதீர்கள்! பக்கத்து யார்டுக்காரர் பேட்டண்டுக்குப் போனால் அவரைத் தடுக்கிற ஆயுதமே அதுதான். விண்ணப்பம் பிரசுரமான பிறகு, பேட்டண்ட் கொடுக்கும் முன், யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். பிரிவு 25. யூடியூபில் தேதி இருக்கிறது, சோலார் கம்பெனி பில்லில் தேதி இருக்கிறது. உங்கள் கம்பத்தை நீங்கள் வார்ப்பதை யாரும் தடுக்க முடியாது. இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மறைத்த பத்தி. வாய் குறுகலாக இருந்தால் காடிக்குள் வைக்கிற இரும்பை, அதாவது உள்ளச்சை, வெளியே இழுக்கும்போது ஓரம் உடையும், பக்கத்து யார்டில் உடைகிறது, உங்களிடம் உடையவில்லை. அதற்கு நீங்கள் ஒரு வழி வைத்திருக்கிறீர்கள் என்பதுவரை இப்போது எல்லோருக்கும் தெரியும். அதனால் பெரிய பாதகம் இல்லை. பலனைச் சொல்வது வேறு, வழியைச் சொல்வது வேறு. நீங்கள் எழுதியிருந்ததில் வழியும் பாதி வந்துவிட்டது. நல்லவேளை, இன்னொருவர் படித்துச் செய்து பார்க்கிற அளவுக்கு இல்லை என்பது என் கணிப்பு. அந்த மோல்டு இரும்பைத்தான் நீங்கள் பேட்டண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கம்பத்தை அல்ல.

தேடிப் பார்த்தீர்களா? இந்தியப் பேட்டண்ட் தளத்தில் இலவசம், கூகுள் பேட்டண்ட்ஸும் இலவசம். கான்கிரீட் அச்சுகளுக்கான வகைப்பாடு எண் பி28பி 7. வேலிக் கம்பங்களுக்கு இ04எச் 17. மடங்குகிற உள்ளச்சு, பிரிகிற உள்ளச்சு என்று நூறு வருஷமாக ஆயிரக்கணக்கில் இருக்கும், படித்துவிட்டு மனதை விட்டுவிடாதீர்கள். உங்களுடையது எந்த இடத்தில் வேறுபடுகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் தேடல்.

புதிதாக இருக்கிறது என்று தோன்றினால் உடனே புரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம், போட்டு தேதியைப் பிடியுங்கள். தனி நபருக்கு ஆன்லைன் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரணைக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. புரொவிஷனல்தானே என்று நாலு வரி எழுதிப் போடுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். எழுதாததற்குத் தேதி கிடைக்காது. இரும்பின் படம், அளவு, எந்தத் துண்டு முதலில் வருகிறது, எத்தனை மணி நேரத்தில் எடுக்கிறீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு பரிசோதனைக்கான மனு, தனி நபருக்கு 4,000. மார்ச் 2024-க்குப் பிறகு போட்ட விண்ணப்பங்களுக்கு இந்த மனுவை 31 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், முன்பு 48 இருந்தது. பழைய வீடியோக்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஒரு கேள்வி மட்டும். அந்த இரும்பு யோசனை முழுக்க முழுக்க உங்களுடையதா?

சாம்பல்_செங்கல்

ஏஜெண்ட் சார் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் பேட்டண்ட் வாங்கின ஒருவனின் கதையையும் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.

நான் மேட்டூர் பக்கம். அனல் மின் நிலையச் சாம்பலில் செங்கல். சாம்பல், எம்-சாண்ட், ஜிப்சம், கூட இன்னொரு ஆலைக்கழிவு. அந்த நாலாவதுதான் விஷயம். சீக்கிரம் இறுகும், பலகையிலிருந்து ஒரு நாள் முன்பே எடுக்கலாம். கலவைக்குப் பேட்டண்ட் போட்டேன். பரிசோதனை அறிக்கை வந்தது: பிரிவு 3-ன் 'இ', வெறும் சேர்க்கை. அதாவது நாலு பொருளைக் கலந்தால் நாலின் குணமும் கூடி வருவது கண்டுபிடிப்பு ஆகாது, சேர்ந்ததால் கூட்டலுக்கு மேல் ஏதாவது கிடைத்ததா, காட்டு என்கிறார்கள். நியாயமான கேள்விதான். என்னிடம் இருந்ததோ கடைசிக் கலவையின் 28 நாள் சோதனை மட்டும். ஒவ்வொரு பொருளாக விட்டுவிட்டு வார்த்த செங்கல் கிடையாது. பதில் சொல்ல 6 மாதம் தருகிறார்கள், செங்கல் இறுகவே 28 நாள். மறுபடி முதலிலிருந்து வார்த்து, காலேஜ் லேபில் உடைத்து, சீல் வாங்கி, மூச்சு முட்டிவிட்டது. கான்கிரீட்டில் கலவைக்குப் போகிறவர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே இந்தச் சோதனைகளை முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் கிடைத்தது. ஆனால் நாலாவது பொருள் 18 முதல் 22 சதவீதம் வரை என்று சுருக்கிக் கொடுத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர் பிரசுரமான என் விண்ணப்பத்தை எடுத்துப் படித்துவிட்டு 24 போடுகிறார். நல்லாவே வருகிறது அவருக்கு! நானே சமையல் குறிப்பு எழுதிக் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. மூன்றாம் வருஷத்திலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் வேறு, முதலில் வருஷம் 800, போகப் போக ஏறும். இதை நீ நாட்டில் பயன்படுத்துகிறாயா என்று 27-ஆம் படிவம் வேறு. இப்போது மூன்று நிதியாண்டுக்கு ஒரு தடவை என்று ஆக்கிவிட்டார்கள், அதுவரை ஆறுதல்.

அதனால் அடுத்த கலவைக்குப் பேட்டண்ட் போடவில்லை. வீட்டில் என் மனைவி எடை போட்டுப் பொட்டலம் கட்டுவார். ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒரு பொட்டலம். யார்டில் அதற்குப் பெயரே 'பொட்டலம்'தான். உள்ளே என்ன என்று மேஸ்திரிக்கே தெரியாது. செங்கலை உடைத்துப் பார்த்தாலும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

என் கணக்கு இதுதான். ரோட்டோரம் நிற்கிற பொருளில் ரகசியம் கிடையாது, எவனும் டேப் வைத்து அளந்துவிட்டுப் போவான். ஷெட்டுக்குள் நடப்பதை வைத்துக்கொள்ளலாம். உங்கள் இரும்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஷெட்டுக்குள்தான் இருக்கிறது, ஆனால் தினமும் ஆறு பேர் கையில் எடுக்கிறார்கள். அதில் ஒருவன் நாளை 500 ரூபாய் கூடுதல் சம்பளத்துக்குப் பக்கத்து யார்டுக்குப் போனால்? இதற்குப் பேட்டண்ட் சரி என்றுதான் நானும் சொல்வேன்.

கூடவே ஒன்று. கம்பத்தின் அடியில், மோல்டிலேயே உங்கள் பெயரைப் பதித்து வாருங்கள். டிரேட்மார்க், கட்டடப் பொருளுக்கான 19-ஆம் வகுப்பு, தனி நபருக்கு 4,500 ரூபாய். வடிவத்தைக் காப்பி அடிக்கிறவன் பெயரைக் காப்பி அடிக்கத் தயங்குவான்.

கரிசல்_கம்பம்

இரண்டு பேருக்கும் நன்றி. வீடியோவைத் தொடவில்லை. நேற்று ராத்திரி ஒரு மணி வரை பி28பி 7-ல் உட்கார்ந்திருந்தேன். ஜெர்மன்காரன், ஜப்பான்காரன் எல்லாம் என்னென்னமோ செய்து வைத்திருக்கிறான். ஆனால் என்னுடைய மாதிரி ஒன்று, இதுவரை கண்ணில் படவில்லை.

ஏஜெண்ட் சார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இரண்டு நாள் ஆயிற்று.

இந்த இரும்பை நான் செய்தது சண்டைக்குப் பிறகு. வெளியே தெரியக் கூடாது என்று பாதித் துண்டை சாத்தூரில் ஒரு லேத்திலும், மீதியைச் சிவகாசியில் ஒரு லேத்திலும் கொடுத்து அடித்தேன். எது எதோடு சேரும் என்று இருவருக்கும் தெரியாது. இதை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமை.

ஆனால் சண்டைக்கு முன்னால் ஒரு நாள், முதல் மோல்டில் ஓரம் உடைந்துகொண்டிருந்த சமயம், பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி சாக்பீஸை எடுத்துத் தரையில் காடியை வரைந்து, நடுவில் ஒரு கோடு கிழித்தார். "ஒரே துண்டா வச்சா எப்படித் தம்பி வரும்? ரெண்டாப் பிள. நடுவுல ஏதாச்சும் வச்சு, அதை முதல்ல உருவு." அப்போது எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. எட்டு மாதம் கழித்து, நானே கண்டுபிடித்த மாதிரி வந்தது. நடுவில் என்ன வைப்பது, அது எப்படி உருவிவரும் என்பது என்னுடையது. பிளப்பது அவருடையது. அவர் பெயரைப் போட வேண்டுமா? என் முதுகில் குத்தின ஆள் பெயரையா?

அலைக்கல்

தம்பி, நான் துறைமுக வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். அலைதாங்கிக்குக் கான்கிரீட் கட்டிகள் வார்ப்பதுதான் தொழில். மேட்டூர்க்காரரின் பொட்டலத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். ஏனென்றால் அந்தப் பொட்டலத்துக்கு வயது 170-க்கு மேல்.

லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின், போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு 1824 அக்டோபர் 21-ல் பேட்டண்ட் வாங்கினார். பிற்பாடு அவர் மகன் வில்லியம், தேம்ஸ் ஓரம் நார்த்ஃப்ளீட்டில் சூளை வைத்தார். மகனுடைய சிமெண்ட் அப்பாவுடையதைவிட உறுதி, ஆனால் ஏன் என்று வெளியே விடவில்லை. பல அறைகள் வைத்த தட்டு ஒன்றில் மயில்துத்தப் பொடி, சுண்ணாம்புக்கல் பொடி எல்லாம் வைத்துக்கொண்டு, சூளையில் அடுக்கு போடும்போது தானே உள்ளே போய்க் கைப்பிடி கைப்பிடியாகத் தூவுவாராம். சக்தி அந்தப் பொடியில்தான் இருக்கிறது என்று வேலைக்காரர்களே நம்பினார்கள். இதைச் சொன்னது ஐசக் ஜான்சன், போட்டிக் கம்பெனியின் மேலாளர். அவர் தானே சுட்டுச் சுட்டுப் பார்த்தார். சூடு அதிகமாகி உருகிக் கட்டிதட்டி, வீண் என்று ஒதுக்கிய கசடை அரைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. விஷயம் பொடியில் இல்லை, சூட்டில். இன்றைக்கு நாம் கிளிங்கர் என்பது அதுதான். ஆக ரகசியம் நிற்கும், அடுத்தவன் விடாப்பிடியாக அடுப்பு மூட்டும்வரை.

சரி, உங்கள் வெல்டர் விஷயம். டெட்ராபாட் தெரியும்தானே, நாலு கால் கான்கிரீட் கட்டி, நம் கடற்கரைகளில் குவித்திருப்பார்கள். 1950-ல் பிரான்ஸில் கிரெனோபில் ஆய்வகம் ஒன்றில் செய்தது, பேட்டண்டோடு வந்தது. அதற்கு மாற்றாகத் தென்னாப்பிரிக்காவில் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் 1963-ல் வந்தது டோலோஸ். 'எச்' எழுத்தை எடுத்து ஒரு காலை மட்டும் முறுக்கிவிட்ட மாதிரி இருக்கும். ஆட்டு மூட்டு எலும்பை வைத்துக் குழந்தைகள் விளையாடுவார்களாம், அந்த எலும்பின் பெயர் அது. நம் பிள்ளைகள் கழங்கு ஆடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகப் பொறியாளர் எரிக் மெரிஃபீல்ட் அதற்குப் பேட்டண்ட் வாங்கவில்லை. உலகம் முழுக்க எடுத்துக்கொண்டு போனார்கள், ஒரு பைசா வரவில்லை. பெயரும் விருதும் மட்டும் அவருக்குக் கிடைத்தன. பிற்பாடு, அதே அலுவலகத்தில் வரைவாளராக இருந்த ஆப்ரி க்ரூகர், வடிவம் தன்னுடையது என்றார். அலைக்கு உருளாத கட்டி வேண்டும் என்று மெரிஃபீல்ட் சொன்னதைக் கேட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன இடத்தில் துடைப்பக்கட்டையை மூன்றாக அறுத்து, ஆணி அடித்து, ஒரு காலைத் திருப்பியதாகச் சொன்னார். யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். பேட்டண்ட் போட்டிருந்தால், கண்டுபிடித்தவர் யார் என்ற கட்டத்தை அன்றைக்கே நிரப்பியிருப்பார்கள், சண்டை அங்கேயே தீர்ந்திருக்கும். உங்கள் அண்ணாச்சியின் சாக்பீஸ் கோடு எனக்குத் துடைப்பக்கட்டையாகத்தான் தெரிகிறது.

இன்னொன்று, இது என் தொழில் வருத்தம். பேட்டண்ட் இல்லாததால் டோலோஸை யார் வேண்டுமானாலும் எந்த அளவிலும் வார்த்தார்கள். போர்ச்சுகலில் சினிஷ் துறைமுகத்தில் 42 டன் டோலோஸ் போட்டார்கள். 1978 பிப்ரவரிப் புயலில் பெரும்பகுதி போய்விட்டது. கட்டி பெரிதாகப் பெரிதாக இடுப்பு தாங்காது என்பதை அப்படித்தான் உலகம் கற்றுக்கொண்டது. பேட்டண்ட் இருந்திருந்தால் புயல் நின்றிருக்குமா என்று கேட்காதீர்கள். ஆனால் இப்போது கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்தில் போட்டிருக்கிற அக்ரோபோட் மாதிரிக் கட்டிகளுக்கு உரிமம் கொடுக்கிறவர்கள் வரைபடத்தைப் பார்ப்பார்கள், அடுக்குவதைப் பார்ப்பார்கள். உரிமத் தொகையை வீண் செலவு என்று திட்டிய பொறியாளர்களில் நானும் ஒருவன். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டேன். அந்த அக்ரோபோட் முதலில் வந்தது 1981-ல். அதன் பேட்டண்ட் கெடு எப்போதோ முடிந்திருக்கும், பெயர் மட்டும் இன்னும் அவர்கள் டிரேட்மார்க். மேட்டூர்க்காரர் சொன்ன மாதிரி, கம்பத்தில் பெயரைப் பதியுங்கள்.

கிண்டி_ஏஜெண்ட்

ஐயா சொன்னதற்கு மேல் நான் சொல்ல வேண்டியது சட்டம் மட்டும்தான்.

முதுகில் குத்தினாரா என்பது வேறு, கண்டுபிடிப்பில் பங்கு உண்டா என்பது வேறு. நீங்கள் கேட்கப்போகும் உரிமைக் கோரிக்கையில் "இரண்டாகப் பிளந்த உள்ளச்சு" என்று வருமா, வராதா? வரும் என்றால் அவர் பெயர் முதல் படிவத்தில் கண்டுபிடித்தவர் என்று வர வேண்டும். விட்டுவிட்டு, நாளை அவர் சாக்பீஸ் கதையை வேறு யாருக்காவது சொன்னால், பேட்டண்டையே உடைத்துவிடுவார்கள்.

ஆனால் கண்டுபிடித்தவர் வேறு, உரிமையாளர் வேறு. இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் பிரிவு 50-ன்படி சமபங்கு. அவர் உங்களைக் கேட்காமலே மோல்டு அடித்து விற்கலாம், உரிமம் கொடுக்கத்தான் உங்கள் சம்மதம் வேண்டும். உங்கள் பிரச்சினையே அவர் விற்றதுதான் என்பதால் இது ஆகாது. கண்டுபிடித்தவராக அவர் பெயர் இருக்கட்டும், அவருடைய உரிமையை எழுத்தில் உங்களுக்கு மாற்றித் தரட்டும். அதற்கு ஒரு தொகை கொடுங்கள், சும்மா கையெழுத்து வாங்காதீர்கள். பேசப் போகும் முன் ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்று கையில் இருக்கட்டும். நம் நாட்டில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. எழுதி வாங்கிய தாள்தான் கோர்ட்டில் பேசும்.

கரிசல்_கம்பம் (ஐந்து வாரம் கழித்து)

முடிவு என்ன ஆச்சு என்று உள்பெட்டியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், அதனால் எழுதுகிறேன்.

அண்ணாச்சி பட்டறைக்குப் போனேன். ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை. நான் வருவதைப் பார்த்துவிட்டு வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். டீ வந்தது. மெல்ல விஷயத்தைச் சொன்னேன். ஏன் மோல்டை விற்றீர்கள் என்றும் கேட்டேன்.

"நீ விக்கக் கூடாதுன்னு எப்ப சொன்ன? கேட்டு வந்தான், அடிச்சுக் கொடுத்தேன். உங்க அப்பாவுக்கு அடிச்ச ஹாலோ பிளாக் மோல்டை இந்த ஊர்ல எத்தனை பேருக்கு அடிச்சிருக்கேன், அவர் ஒரு நாளு கேட்டிருப்பாரா?"

பதில் இல்லை என்னிடம். உண்மையில் நான் சொல்லவே இல்லை.

சாக்பீஸ் கோடு அவருக்கு நினைவே இல்லை. முதலில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினேன், பிறகு இரும்பைக் காட்டினேன். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுத்துண்டை உருவினார், மறுபடி செருகினார். "சாத்தூர்க்காரன் அடிச்சதா? வெல்டு நல்லா இல்லையே" என்றார்.

புரொவிஷனல் போட்டாயிற்று. எண் கைக்கு வந்துவிட்டது, இங்கே போட மாட்டேன். கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர், இரண்டாவது பெயர் அவருடையது. உரிமை மாற்றப் பத்திரமும் ஆயிற்று, தொகை எங்கள் இரண்டு பேருக்குள். கையெழுத்துப் போடும்போது, இதற்கு ஆதார் ஜெராக்ஸ் வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டார். பேரன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் காட்ட, விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார். பிரசுரம் ஆகும்வரை பொறுங்கள், பதினெட்டு மாதம் ஆகும் என்றேன். அதுவரைக்கும் அவன் அஞ்சாம் வகுப்பு தாண்டிருவானே என்று கவலைப்படுகிறார்.

அடுத்த இரண்டு செட் மோல்டு அவர் பட்டறையில்தான் அடிக்கிறோம், கம்பத்தின் அடியில் பெயர் பதிகிற மாதிரி. எழுத்துகளைத் திருப்பிப் போட மறந்து, முதல் கம்பத்தில் பெயர் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வந்துவிட்டது. அதை யார்டு வாசலில் நட்டு வைத்திருக்கிறேன், அப்பா அதில்தான் சைக்கிளைச் சாத்துகிறார்.